பின்னால் விங் வைத்தால் கார் வேகமாகுமா? டவுன்ஃபோர்ஸ், காற்றுத்தடை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் டிக்கி மேல் பெரிய விங் நின்றால் போதும், உடனே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். "விங் இருக்கு, அதான் வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகுது" என்பது ஒரு கட்சி. "அதெல்லாம் சும்மா பந்தா, காத்தைப் பிடிச்சு வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான்" என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எந்த வேகத்தில் என்றும், காரின் எந்த முனையில் என்றும் இரு கட்சியும் கேட்பதில்லை. ரேஸ் டிராக்கில் ஓட்டும் காருக்கு விங், ஸ்ப்ளிட்டர் (முன் பம்பருக்கு அடியில் நீட்டும் பலகை) என்று எதை மாட்டினாலும் பலன் அந்த இரண்டு கேள்விகளைப் பொறுத்ததுதான்.

## டயருக்குப் பாரம் வேண்டும், காருக்கு எடை வேண்டாம்

கார் திரும்புவதும் நிற்பதும் பாய்வதும் தரையைத் தொடும் நான்கு சின்ன ரப்பர் பரப்புகளின் தயவில்தான். டயரைத் தரையோடு அழுத்தும் விசை கூடினால் அதன் பிடிமானமும் கூடும். அப்படியானால் டிக்கியில் நாலு மணல் மூட்டையைப் போட்டால் போதாதா? போதாது. மூட்டை டயரை அழுத்தும், சரி. ஆனால் வளைவில் அந்த மூட்டையையும் சேர்த்துத் திருப்ப வேண்டும், பிரேக் போடும்போது அதையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கூடுதலாகக் கிடைத்த பிடிமானத்தை மூட்டையே தின்றுவிடும். கணக்குப் பார்த்தால் நஷ்டம்கூட வரும். ஏனென்றால் டயர் மேல் பாரம் ஏறும் அதே விகிதத்தில் பிடிமானம் ஏறுவதில்லை, கொஞ்சம் பின்தங்கியே வரும்.

காற்றே காரைக் கீழ்நோக்கி அழுத்தினால் கதை வேறு. டயருக்குப் பாரம் கூடுகிறது, திருப்ப வேண்டிய நிறை கூடவில்லை. இந்தக் கீழ்நோக்கிய விசைதான் டவுன்ஃபோர்ஸ். முன்னே போகும் காரைக் காற்று பின்னோக்கித் தள்ளும் விசை காற்றுத்தடை. உண்மையில் கார் மேல் காற்று செலுத்துவது ஒரே விசைதான். வசதிக்காக நாம் அதை மேல்கீழ் என்றும் முன்பின் என்றும் பிரித்துப் பார்க்கிறோம். அதனால்தான் ஒன்றைத் தொட்டால் மற்றதும் கொஞ்சம் அசைகிறது.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கடையிலிருந்து வரும் பெரும்பாலான கார்கள் வேகமாகப் போகும்போது அழுந்துவதில்லை, லேசாக மேலெழும்புகின்றன. மேல்பக்கம் கூரையாக வளைந்திருக்கிறது, கீழ்ப்பக்கம் ஏறக்குறைய தட்டை. வளைந்த கூரையின் மேல் அழுத்தம் குறைவதால் கார் மேல்நோக்கி இழுபடுகிறது. ஆடி டிடி காரின் முதல் தலைமுறை 1998இல் வழவழப்பான பின்புறத்தோடு வந்தது. அதிவேகத்தில் விபத்துகள் நிகழ்ந்த பிறகு நிறுவனம் கார்களைத் திரும்ப அழைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டையும் டிக்கி விளிம்பில் ஒரு சின்ன ஸ்பாய்லரையும் (காற்றைத் தடுத்து உயர்த்தும் பட்டை) சேர்த்தது. ஆகவே சாலைக் காரில் செய்யும் முதல் ஏரோ (காற்றோட்டத்தைத் திருத்தும்) வேலை பல நேரங்களில் டவுன்ஃபோர்ஸைக் கொண்டுவருவது கூட அல்ல, இருக்கிற எழும்பலை அடக்குவதுதான்.

## மேலிருந்து மோதுவதை விடக் கீழிருந்து இழுப்பதே அதிகம்

விங் மேல் காற்று வந்து மோதுகிறது, அதனால் விங் கீழே போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிகூடச் சரியில்லை. வீட்டிலேயே பார்க்கலாம். குழாயைத் திறந்து தண்ணீரை ஒரே சீராக விழவிடுங்கள். ஒரு கரண்டியின் காம்பு நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் புடைத்த முதுகை மெல்லத் தண்ணீரில் படும்படி கொண்டுபோங்கள். தண்ணீர் கரண்டியைத் தள்ளிவிடும் என்று எதிர்பார்ப்போம். நடப்பது நேர்மாறு: கரண்டி தண்ணீருக்குள் இழுபடும். தண்ணீர் புடைப்பைத் தழுவி வளைந்து போகிறது. அப்படி வளைந்து போக வேண்டுமானால் வளைவின் உள்பக்கத்தில், அதாவது கரண்டியின் பரப்பில், அழுத்தம் குறைந்திருக்க வேண்டும். அந்தக் குறைவுதான் கரண்டியை இழுக்கிறது.

காரின் விங் என்பது தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கை. புடைத்த பக்கம் கீழே இருக்கும். அதைத் தழுவிப் போகும் காற்று மேல்நோக்கி வளைந்து வெளியேறுகிறது, விங்கின் அடியில் அழுத்தம் குறைகிறது, மேலே சற்றுக் கூடுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விங்கைக் கீழே அழுத்துகிறது. (மேலே போகும் காற்றும் கீழே போகும் காற்றும் பின் முனையில் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும் என்று ஒரு விளக்கம் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்குக் கிடையாது, அது சந்திப்பதும் இல்லை.)

இந்த அழுத்த வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் வளிமண்டலம் எப்போதும் 10 டன்னுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் நமக்குத் தெரிவதில்லை. காரின் அடியில் ஒரு சதுர மீட்டரில் மட்டும் அழுத்தம் 1 சதவீதம் குறைந்தால் போதும், கார் மேல் 100 கிலோ வைத்த மாதிரி ஆகிவிடும். இப்போது பரப்பை ஒப்பிடுங்கள். ஒன்றரை மீட்டர் நீளமும் கால் மீட்டர் அகலமும் உள்ள விங்கின் பரப்பு அரை சதுர மீட்டர்கூட இல்லை. காரின் அடிப்பக்கமோ பல சதுர மீட்டர். கண்ணுக்குத் தெரியாத அந்த அடிப்பக்கத்தில்தான் புதையல் இருக்கிறது. ஃபார்முலா 1 இதை 1970களின் கடைசியில் கண்டுகொண்டது. அடிப்பக்கத்தையே இறக்கை வடிவில் செதுக்கிய லோட்டஸ் 79 காரில் மரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலகச் சாம்பியன் ஆனார்.

தழுவிப் போகும் காற்றுக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. விங்கை அதிகமாகச் சாய்த்தால் காற்று பரப்பை விட்டுப் பிரிந்து, பின்னால் சுழல் சுழலாகக் குழம்பிவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். ஸ்டால் ஆன விங்கில் டவுன்ஃபோர்ஸ் விழுந்துவிடும், காற்றுத்தடை ஏறிவிடும். விங்கின் கோணத்தை மாற்ற அதன் தாங்கியில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். "கடைசி ஓட்டை வரைக்கும் சாய்ச்சு வச்சிருக்கேன்" என்று பெருமைப்படுபவர்களில் சிலர் அந்த நிலையில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

இதுவரை பார்த்தது: டவுன்ஃபோர்ஸ் என்பது நிறையில்லாத பாரம். அதில் பெரும்பங்கு அடியில் குறையும் அழுத்தத்திலிருந்து வருகிறது. காற்று பரப்பைத் தழுவிப் போகும் வரைதான் அது கிடைக்கும்.

## வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு

காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும், பாதியானால் கால் பங்காகும். 2022இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் காருக்கு நிறுவனம் தரும் டவுன்ஃபோர்ஸ் எண்கள் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ, 285 கி.மீ. வேகத்தில் 860 கிலோ. வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, டவுன்ஃபோர்ஸ் இரட்டிப்புக்கு மேல் போய்விட்டது. சாலைக்கு வரும் கார்களில் இது மிகவும் உச்சம். நாமே பாகங்களை மாட்டும் காரில் இந்த அளவை எதிர்பார்க்கக் கூடாது.

இதன் நடைமுறை அர்த்தத்தை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கார் 1,300 கிலோ. 200 கி.மீ. வேகத்தில் 150 கிலோ டவுன்ஃபோர்ஸ் தரும் அளவுக்கு விங்கும் ஸ்ப்ளிட்டரும் போட்டிருக்கிறோம். நல்ல டிராக் டயர், அதன் பிடிமானக் கெழு 1.2 (அதாவது மேலே உள்ள பாரத்தைப் போல 1.2 மடங்கு பிடிமானம்) என்று வைத்துக்கொள்வோம். டயரின் மற்ற நுணுக்கங்களை ஒதுக்கிவிடுவோம். 220 மீட்டர் ஆரமுள்ள ஒரு அகன்ற வளைவை ஏரோ இல்லாமல் 183 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். ஏரோவோடு 193 வரை போகலாம். பத்து கிலோமீட்டர் என்பது டிராக்கில் மிகப் பெரிய லாபம். அதே காரை 30 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவுக்குக் கொண்டுபோனால் ஏரோ இல்லாமல் 67.7, ஏரோவோடு 68.1. அரை கிலோமீட்டர்கூடத் தேறவில்லை!

முழுக்க நெருக்கமான வளைவுகளாக இருக்கும் டிராக்கில் விங் வீண் என்று சொல்பவரும், வேகமான டிராக்கில் விங் இல்லாமல் முடியாது என்று சொல்பவரும் இருவருமே தங்கள் டிராக்கைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பிரேக்கிலும் இந்த இருமடி விதி எட்டிப் பார்க்கும். அதிவேகத்தில் டவுன்ஃபோர்ஸ் இருப்பதால் பெடலை ஓங்கி மிதிக்கலாம். வேகம் குறையக் குறைய டவுன்ஃபோர்ஸும் கரையும். மிதித்த காலை அப்படியே வைத்திருந்தால் பாதி வழியில் டயர் சுழலாமல் பூட்டிக்கொள்ளும், அல்லது அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் உதற ஆரம்பிக்கும். ஏரோ போட்ட காரில் பிரேக்கை முதலில் பலமாக மிதித்து, பிறகு படிப்படியாகத் தளர்த்தப் பழக வேண்டும்.

## காற்றுத்தடை எப்போது வலிக்கும்?

காற்றுத்தடை விசையும் வேகத்தின் இருமடிதான். ஆனால் அதை வெல்ல எஞ்சின் செலவிடும் திறன் மும்மடியாக ஏறும். ஒரு நடுத்தர ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க ஏறக்குறைய 11 குதிரைத்திறன் போதும். 200இல் அதுவே 90ஐத் தாண்டும்.

விங் வைத்தால் இது எவ்வளவு கூடும்? நல்ல வடிவமுள்ள விங், ஸ்டால் ஆகாத கோணத்தில், 200 கி.மீ. வேகத்தில் 85 கிலோ டவுன்ஃபோர்ஸுக்குச் சுமார் 8 அல்லது 9 கிலோ தடையைக் கூட்டும். எஞ்சினுக்கு அது 6 குதிரைத்திறன் அளவு செலவு. 300 குதிரைத்திறன் காரில் இது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. வளைவிலிருந்து மணிக்கு 5 கி.மீ. கூடுதல் வேகத்தில் வெளியே வந்தால் நேர்ப்பாதையின் பெரும்பகுதிக்கு அந்த முன்னிலை கூடவே வரும். குறைந்த திறனுள்ள சின்னக் காரில், நீண்ட நேர்ப்பாதையுள்ள டிராக்கில் மட்டும் இதே செலவு கணிசமாக உறுத்தும்.

வளைவில் டவுன்ஃபோர்ஸ், நேர்ப்பாதையில் குறைந்த காற்றுத்தடை என்று இரண்டையும் ஒரே காரில் பெற 1966இலேயே ஒருவர் வழி கண்டார். அமெரிக்கப் பந்தய ஓட்டுநரும் கார் வடிவமைப்பாளருமான ஜிம் ஹாலின் ஷாப்பரல் 2ஈ பந்தயக் காரில் உயரமான கம்பங்கள் மேல் விங் நின்றது. நேர்ப்பாதையில் ஓட்டுநர் இடது காலால் ஒரு பெடலை மிதித்தால் விங் படுத்துக்கொள்ளும், காலை எடுத்தால் மறுபடி சாய்ந்து நிற்கும். இன்றைய ஜிடி3 ஆர்எஸ் இதே வேலையைப் பொத்தானும் மோட்டாரும் வைத்துச் செய்கிறது.

## எந்த முனையில் என்பதுதான் தலைவலி

பின் விங்கை மட்டும் மாட்டிவிட்டு டிராக்குக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கண்ணில் படுவது அதுதான், மாட்டுவதும் சுலபம். நடப்பதைக் கணக்கோடு பார்ப்போம். விங் பின் ஆக்சிலுக்கு 40 செ.மீ. பின்னால் நிற்கிறது, வீல்பேஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள தூரம்) 250 செ.மீ. 85 கிலோ டவுன்ஃபோர்ஸ் அந்த இடத்தில் இறங்கும்போது பின் ஆக்சில் நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிவிடும். பின் டயர்கள் மேல் ஏறுவது 85 இல்லை, 98 கிலோவுக்கு மேல். மிச்சம் எங்கிருந்து வந்தது? முன் டயர்களிலிருந்து. முன்புறம் 13 கிலோவுக்கு மேல் லேசாகிவிட்டது. உயரத்தில் நிற்கும் விங்கின் காற்றுத்தடையும் காரைப் பின்னோக்கிச் சாய்த்து முன்புறத்தை இன்னும் கொஞ்சம் தூக்கும்.

விளைவு: மெதுவான வளைவில் கார் எப்போதும் போலத் திரும்பும். வேகமான வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு திரும்பாமல் வெளியே போகும். இதுதான் அண்டர்ஸ்டியர். நேர்மாறாக, முன்னால் பெரிய ஸ்ப்ளிட்டர் போட்டுப் பின்னால் ஒன்றும் வைக்காமல் விட்டால் வேகமான வளைவில் பின்புறம் நழுவும், அதாவது ஓவர்ஸ்டியர். இரண்டில் இது ஆபத்தானது. 180 கி.மீ. வேகத்தில் பின்புறம் கிளம்பினால் பிடித்துத் திருத்த நேரமே இருக்காது. முன்புறமும் பின்புறமும் மொத்த டவுன்ஃபோர்ஸை எந்த விகிதத்தில் பங்கிடுகின்றன என்பதை ஏரோ சமநிலை என்பார்கள். காரின் எடை முன்பின்னாகப் பிரியும் விகிதத்துக்கு அருகில், ஆனால் சற்றுப் பின்பக்கமாக அதை வைப்பது பாதுகாப்பான தொடக்கம். மொத்தம் எவ்வளவு என்ற எண்ணை விட இந்த விகிதம்தான் முக்கியம் என்பது என் கருத்து. 200 கிலோவைத் தப்பான இடத்தில் வைத்த காரை விட 80 கிலோவைச் சரியாகப் பிரித்த காரை நம்பி ஓட்டலாம்.

சுருக்கமாக: வேகமான வளைவுகளில்தான் ஏரோ வேலை செய்யும். விங் ஒன்றை மட்டும் மாட்டினால் அது முன்புறத்தைக் காலியாக்கும். முன்னும் பின்னும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

## எந்தப் பாகம் என்ன செய்கிறது?

ஸ்ப்ளிட்டர் என்பது முன் பம்பருக்கு அடியில் தரைக்கு இணையாக நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. பம்பரில் மோதித் தேங்கும் காற்று அதன் மேல் அழுத்துகிறது. அடியில் குறுகிய இடைவெளி வழியே விரையும் காற்று அழுத்தத்தைக் குறைக்கிறது. இங்கேயும் பெரிய பங்கு அடிப்பக்கத்துடையதுதான். ஆகவே வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கக் கூடாது, பம்பருக்குப் பின்னால் உள்ளே எவ்வளவு தூரம் தட்டையாகப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தரைக்கு நெருங்க நெருங்க இது பலம் பெறும். மிக நெருங்கினால் காற்று நுழைய வழியில்லாமல் திடீரென்று செத்துவிடும். பிரேக்கில் மூக்கு குனியும் காரில் இது நடந்தால் முன்புறப் பிடிமானம் வந்து வந்து போகும். மென்மையான ஸ்பிரிங்கோடு பெரிய ஸ்ப்ளிட்டர் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.

ஸ்பாய்லரும் விங்கும் ஒன்றல்ல. ஸ்பாய்லர் உடலோடு ஒட்டியிருக்கும், அதன் அடியில் காற்று போகாது. டிக்கி விளிம்பில் காற்றைத் தடுத்து உயர்த்தி, பின்பக்க எழும்பலைக் குறைக்கும். விங்கின் இரு பக்கமும் காற்று போக வேண்டும். அதுவும் கலங்காத காற்று. கூரையின் பின்னால் தாழ்வாக ஒளிந்திருக்கும் விங், கண்ணாடியைத் தாண்டி வரும் குழம்பிய காற்றில் குளித்துக்கொண்டிருக்கும். கூபே (பின்பக்கம் சரிந்த கூரையுள்ள இரண்டு கதவு) காரில் கூரையைத் தழுவி இறங்கும் காற்று விங்கின் நடுப்பகுதியைச் சரிவாகச் சந்திக்கிறது. ஓரங்களை விட நடுவில் கோணம் தானாகவே கூடிவிடுகிறது. சில விங்குகளின் நடுப்பகுதி வளைந்து படுத்திருப்பது அழகுக்காக இல்லை, அங்கே ஸ்டால் ஆகாமல் இருக்கத்தான்.

டிஃப்யூசர் என்பது காரின் அடிப்பக்கத்தின் பின்முனையில் மேல்நோக்கிச் சரிந்து விரியும் பகுதி. அடியில் விரைந்து வந்த காற்று இங்கே பரவி, நிதானமாக வேகம் குறைந்து வெளியேறுகிறது. அப்படி வழி கிடைப்பதால் அதற்கு முன்னால் உள்ள காரின் அடிப்பக்கத்தில் காற்று இன்னும் வேகமாக ஓடி, அழுத்தம் குறைகிறது. சரிவு பொதுவாக 7 முதல் 10 டிகிரி. அதை விட அதிகமாக்கினால் காற்று பிரிந்துவிடும் அபாயம் உண்டு. முன்னால் தட்டையான அடிப்பக்கம் இல்லாமல், குழாய்களும் பள்ளங்களுமாக இருக்கும் காரின் பின் பம்பரில் நாலு செங்குத்துத் தகடுகளை மட்டும் ஒட்டி டிஃப்யூசர் என்று விற்கிறார்கள். அது வெறும் அலங்காரம்.

கனார்ட் எனப்படும் மூக்கோரச் சிறகுகள் சின்னச் சின்னத் திருத்தங்களுக்குத்தான். கொடுக்கும் டவுன்ஃபோர்ஸுக்கு அவை வாங்கும் தடை அதிகம். பானெட்டிலும் சக்கரத்துக்கு மேலும் வெட்டும் காற்றுத் திறப்புகளைப் பலர் குளிர்விப்பதற்கு மட்டுமே என்று நினைக்கிறார்கள். உள்ளே சிக்கி அழுத்தம் ஏறிய காற்றை வெளியேற்றி முன்புற எழும்பலைக் குறைப்பதும் அவற்றின் வேலை. விங்கின் பின் விளிம்பில் செங்குத்தாக நிற்கும் சிறு பட்டைக்குக் கர்னி ஃப்ளாப் என்று பெயர். 1971இல் அமெரிக்கப் பந்தய வீரர் டான் கர்னி இதைப் பந்தயக் காரில் பொருத்தினார். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தகடுதான், கணிசமான பலன் தரும்.

## காற்றைக் கண்ணால் பார்ப்பது

1969இல் போர்ஷே 917 பந்தயக் கார் நேர்ப்பாதையில்கூட நிலைகொள்ளாமல் ஆட்டம் போட்டது. ஓட்டுநர்கள் பயந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரியாவில் நடந்த சோதனையின்போது ஜான் வையர் பந்தயக் குழுவின் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார். காரின் உடலெங்கும் கொசு மாதிரிச் சிறு பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருந்தன, பின்னால் இருந்த ஸ்பாய்லர்களில் மட்டும் ஒன்றுமில்லை. பூச்சி போகாத இடத்துக்குக் காற்றும் போகவில்லை என்று அர்த்தம். அங்கேயே அலுமினியத் தகடுகளை வளைத்து வால்பகுதியை உயர்த்தினார்கள். கார் அடங்கிவிட்டது. 1970, 1971ஆம் ஆண்டுகளின் லெமான் பந்தயங்களை (பிரான்சில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம்) வென்றது 917தான்.

பூச்சிகளுக்குப் பதிலாக நாம் கம்பளி நூலைப் பயன்படுத்தலாம். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் விங்கின் அடிப்பக்கத்திலும் பின் கண்ணாடியிலும் வரிசையாக ஒட்டி, இன்னொரு காரிலிருந்து யாரையாவது படம்பிடிக்கச் சொல்லுங்கள். நூல் நேராகப் படுத்திருந்தால் காற்று தழுவிப் போகிறது. துடித்தாலோ முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டாலோ அங்கே காற்று பிரிந்துவிட்டது. விங்கின் அடிப்பக்க நூல்கள் குழம்பினால் கோணத்தை ஒரு ஓட்டை குறையுங்கள்.

## உறுதியும் வரிசையும்

1969 ஸ்பானிய கிராண்ட் பிரீயில் பார்சிலோனாவின் மோன்ஜூயிக் டிராக்கில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயரமான விங்குகள் ஒரே மேட்டுக்கு அருகில் முறிந்தன. அவற்றை ஓட்டிய கிரகாம் ஹில்லும் யோகன் ரிண்ட்டும் விபத்துக்குள்ளானார்கள். அடுத்த பந்தயமான மொனாக்கோவிலேயே அத்தகைய விங்குகள் தடை செய்யப்பட்டன. 85 கிலோ அழுத்தும் விங்கை டிக்கியின் மெல்லிய தகட்டில் நாலு திருகு போட்டு நிறுத்தினால் தகடு குழியும், பிறகு கிழியும். அடியில் தாங்குதகடு வைத்து, முடிந்தால் உடற்சட்டத்தோடு இணைக்க வேண்டும். ஸ்ப்ளிட்டர் மேல் ஒரு ஆள் ஏறி நின்றாலும் வளையக் கூடாது.

மாட்டும் வரிசையில் டயர், பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் முன்னால் வரட்டும். அப்புறம் ஸ்ப்ளிட்டரையும் விங்கையும் ஒன்றாகவே போடுங்கள், விங்கைக் குறைந்த கோணத்தில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிராக்கில் ஒரு மெதுவான வளைவையும் ஒரு வேகமான வளைவையும் சோதனைக்கென்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் முன்புறம் நழுவினால் அது காற்றின் தவறு இல்லை, சஸ்பென்ஷனையும் டயர் அழுத்தத்தையும் பாருங்கள். மெதுவானதில் ஒழுங்காகத் திரும்பி, வேகமானதில் மட்டும் நழுவினால் ஏரோ சமநிலை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்ப்ளிட்டரைக் கூட்டுங்கள், அல்லது விங்கை ஒரு ஓட்டை படுக்க வையுங்கள்.